கடைக்கு ஒரு பாஸ் போதும்

பதுளை
2024 பெப்ரவரி 4

விதுஷாவுக்கு,

மடுல்சீமை பஸ் கொண்டக்டர் மாரிசாமியிடம் ஒரு பை கொடுத்து அனுப்பியிருக்கிறேன். மருந்தியல் புத்தகம், மருந்துச் சட்டக் குறிப்பு, ஸலீம் நானா எழுதித் தந்த கலவைக் குறிப்புகள் எல்லாம் அதில் இருக்கின்றன. குழந்தைக்குப் பருத்தித் துணி. உனக்கு இரும்புச்சத்து மாத்திரை. அதைத் தேநீரோடு விழுங்காதே. ஏன் என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் புத்தகத்தில் பார்.

உங்கள் தோட்டத்து லய வீட்டில் போனுக்குச் சிக்னல் இல்லை, மேட்டுக் கோயில்வரை ஏறினால்தான் கிடைக்கும், பச்சை உடம்போடு உன்னை ஏற விடமாட்டார்கள் என்று தம்பி இந்திரஜித் சொன்னான். அதனால் எழுதுகிறேன். வேறு காரணம் இல்லை.

விசயத்துக்கு வருகிறேன். ஸலீம் நானாவுக்கு முழங்கால் இனி ஒத்துவராதாம். வருச முடிவில் கொழும்பில் மகள் ஜெமீலா வீட்டோடு போய்விடுவதாகச் சொல்லிவிட்டார். அப்பா காலத்திலிருந்து நானாவின் சான்றிதழை மாட்டித்தான் ஜெயராசா பாமசி நடக்கிறது. பதிவு பெற்ற மருந்தாளர் ஒருவர் இல்லாமல் கடையைத் திறக்க முடியாது. வெளியில் விசாரித்தேன். பதுளைக்கு வர ஒருவரும் தயாரில்லை. ஆகவே ஜூலைப் பரீட்சையை நீ எழுதுவதென்றால் ஒழுங்காக எழுது. நான் இரண்டு தடவை எழுதிவிட்டு விட்டுவிட்டேன். கடைக்கு ஒரு பாஸ் போதும்.

நேர அட்டவணை போட்டு உள்ளே வைத்திருக்கிறேன். காலை நான்கிலிருந்து ஆறுவரை மருந்தியல். பத்திலிருந்து சட்டம். மாலையில் கணக்கு. சாப்பிட்ட பிறகு அன்றைய பாடத்தைத் திருப்பிப் பார்ப்பது. ஞாயிற்றுக்கிழமை பழைய வினாத்தாள். பகல் தூக்கம் வேண்டாம்.

குழந்தையைப் பார்க்க நான் இன்னும் வரவில்லை என்று உன் அம்மா நினைக்கலாம். கடையை விட்டு வர முடியவில்லை. நீ பிரசவத்துக்குப் புறப்பட்ட அன்று பேசியதைப் பற்றி இதில் ஒன்றும் எழுதவில்லை.

பிரஷாந்தினி


மடுல்சீமை
2024 பெப்ரவரி 11

அன்புள்ள மதினிக்கு,

பை வந்து சேர்ந்தது. மாரிசாமி அண்ணன் பஸ்ஸை நிறுத்தி, "என்னா கனம்! வக்கீலுக்கா படிக்கிறாங்க?" என்று அப்பாவிடம் கேட்டாராம். அப்பா, "மருந்துக்கு" என்றாராம். "அய்யய்யோ, யாருக்கு ஒடம்பு சரியில்ல?" என்று பஸ்ஸே எட்டிப் பார்த்ததாம்.

அட்டவணையைச் சுவரில் ஒட்டினேன். சில நாள் அதன்படி நடக்கவும் பார்த்தேன். நான் நான்கு மணிக்கு எழும்பினால் பாப்பாவும் எழும்புகிறாள். அம்மா காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுக்க வேண்டும். அதற்குள் ரொட்டி தட்டி, தண்ணீர் காய வைத்து, எனக்குப் பிரசவக் காயமருந்தும் அரைத்து வைத்துவிட்டு ஓடுகிறாள். அவள் போன பிறகு துணி துவைக்கிற வேலை. பத்து மணிக்குப் பக்கத்துக் காம்பராவில் டீவி தொடங்கும். எங்கள் நடுச்சுவர் கூரைவரைக்கும் போகவில்லை. நாடகத்தில் யார் யாரை அறைந்தாலும் பாப்பா இங்கே திடுக்கிட்டு அழுகிறாள். சட்டம் எங்கே படிப்பது?

புத்தகத்தை மடியில் வைத்தாலே அம்மா, "பச்ச ஒடம்புக்காரி இப்புடி எழுத்தையே பாத்துக்கிட்டு இருந்தா கண்ணு பூத்துப் போகும்டி" என்கிறாள்.

உங்கள் அட்டவணையில் குழந்தை இல்லை மதினி. கோபப்படாதீர்கள். நான் அதை வேறு மாதிரி மாற்றியிருக்கிறேன். மணிக்கணக்கே போடவில்லை. பால் குடித்துவிட்டுத் தூங்கினால் ஒரு பாடம். விழித்துக்கொண்டு கிடந்தால் மருந்துப் பெயர்களைத் தாலாட்டு மாதிரி அவளுக்குச் சொல்லுகிறேன். அமொக்சிசிலின் என்றால் சிரிக்கிறாள். மெட்ரோனிடசோல் என்றால் முகத்தைச் சுளிக்கிறாள். அது கசக்கும் என்று அவளுக்கு யார் சொன்னார்களோ.

போன ஞாயிறு உங்கள் தம்பி வந்தார். கடையைப் பற்றிக் கேட்டால் "பாப்போம்" என்கிறார். எதைப் பார்ப்பது? நீங்களாவது எழுதுங்கள்.

அன்று நான் பேசியதைப் பற்றி எழுதத் தொடங்கித் தாளைக் கிழித்துப் போட்டேன். எப்படி எழுதினாலும் சரியாக வரவில்லை.

விதுஷா


பதுளை
2024 பெப்ரவரி 20

விதுஷாவுக்கு,

அட்டவணையில் குழந்தை இல்லை என்று எழுதியிருக்கிறாய். சரிதான். என் வாழ்க்கையில் இல்லாததை அட்டவணையில் எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பேன்?

நீ எழுதாவிட்டால் நான் எழுதுகிறேன். "ரெண்டு மாசத்துல கைக்கொழந்த, அதோட பரீட்சையா? என்ன வெளயாட்டு?" என்று அன்று நான் கேட்டேன். கேட்ட விதம் தப்பாக இருக்கலாம். அதற்கு நீ வான் வண்டியில் ஏறிக்கொண்டே, வான்காரனும் கேட்க, "கொழந்த இல்லாம எழுதினவங்க மட்டும் பாஸ் பண்ணிட்டாங்களா?" என்றாய். ஒரே வாக்கியத்தில் கல்யாணமாகாததையும் பரீட்சையில் விழுந்ததையும் சேர்த்துச் சொல்ல உன்னால்தான் முடியும்.

குழந்தை இல்லாதவள் எப்படி விழுந்தாள் என்று தெரிந்துகொள். முதல் தடவை கடையை மூடிய பிறகு படித்தேன், திறக்குமுன் படித்தேன், சாப்பிடும்போதும் படித்தேன். பரீட்சை மண்டபத்தில் உட்கார்ந்தபோது தலை கல்லாகக் கிடந்தது. வினாத்தாளைப் பார்த்தபடியே கண்ணயர்ந்துவிட்டேன். இரண்டாம் தடவை எழுத்தில் தேறினேன். வாய்மொழியில், எதிரில் இருந்தவர்கள் ஆங்கிலத்தில் கேட்டது எல்லாமே எனக்குத் தெரிந்தது. தினமும் கையால் எடுத்துக் கொடுக்கிற மருந்துகள். வாய் திறக்கவில்லை. "தேங்க்யூ" என்றார்கள். நானும் "தேங்க்யூ" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நேற்று ஒருவர் வந்து கடையை அளந்து பார்த்தார். போன் கடை போடப் போகிறாராம். தம்பி அவருக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தான். பிறகு நான் பிடித்துக் கேட்டபோது, "ஸலீம் நானா போயிட்டா மறுநாள் கதவ சாத்தணும்க்கா. ஒங்க ரெண்டு பேரையும் நம்பி நான் எவ்வளவு நாள் இருக்கிறது?" என்றான். அவன் மேல் முழுப் பழியையும் போட முடியாது. ஆனால் அந்த ஆள் அப்பாவின் மருந்து அலுமாரியை முழங்கையால் தட்டிப் பார்த்தபோது நான் அதன் முன்னால் போய் நின்றுகொண்டேன்.

உன் முறைப்படியே படி. ஆனால் படி.

பிரஷாந்தினி


மடுல்சீமை
2024 மார்ச் 3

அன்புள்ள மதினிக்கு,

அந்தச் சொல்லை நான் சொல்லியிருக்கக் கூடாது. வயிறும் நானுமாக நிற்கும்போது, எல்லோருமாகச் சேர்ந்து என்னை ஒரு மூட்டையைப் போல வானில் ஏற்றி அனுப்புகிறார்கள் என்று தோன்றியது. கையில் கிடைத்ததை எறிந்தேன். அது உங்கள் மேல் பட்டது. மன்னித்துவிடுங்கள். வான்காரன் காதில் விழவில்லை என்று நினைக்கிறேன். அவன் பாட்டுப் போட்டிருந்தான்.

இப்போது படிக்க ஓர் இடம் கிடைத்திருக்கிறது. வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப் போகிற புள்ளைக்காம்பராவில் பொறுப்பாக இருப்பது என்னோடு பள்ளியில் படித்த சுதர்சினி. "நீ அந்த மூலையில ஒக்காந்து படி. ஒம்புள்ளையும் எம்புள்ளைங்களோட கெடக்கட்டும்" என்றாள். மதியத்துக்கு மேல் அங்கே போய்விடுகிறேன். இருபது குழந்தைகள் சேர்ந்து அழுதாலும் அந்த டீவியைவிட மேல்.

இப்போது ஒன்று கேட்கிறேன். நீங்களும் விண்ணப்பம் போடுங்கள். ஏப்ரல் நடுவரைக்கும் நாள் இருக்கிறது. இங்கே ஒரு பேச்சு உண்டு: ரோட்டில் நின்றுகொண்டு மலையில் கொழுந்து எடுக்கச் சொல்லுகிறது என்று. நீங்கள் அட்டவணை போடுவீர்கள், நான் படிக்க வேண்டும் என்றால் எனக்கு அப்படித்தான் இருக்கிறது. எழுத்தில் ஏற்கெனவே தேறியவர் நீங்கள். வாயைத் திறப்பது ஒன்றுதான் மிச்சம். என்னோடு சண்டை போடும்போது திறக்கிறீர்களே!

விதுஷா


பதுளை
2024 மார்ச் 12

விதுஷாவுக்கு,

மாட்டேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கொழும்புக்குப் போனால் கடையை யார் பார்ப்பது, பாப்பாவை யார் பார்ப்பது? அதோடு, மூன்றாம் தடவையும் விழுந்தால் இந்த வீதியில் எனக்கு ஒரு பெயர் வைத்துவிடுவார்கள். உனக்குப் பதுளைக் கடைவீதி தெரியும்.

கணக்கு ஒன்று அனுப்புகிறேன். பத்துக் கிலோ நிறையுள்ள பிள்ளை. காய்ச்சலுக்குப் பரசிட்டமோல், கிலோவுக்குப் பதினைந்து மில்லிகிராம். மருந்துப் பாணி ஐந்து மில்லிலீட்டரில் நூற்றிருபது மில்லிகிராம் இருக்கிறது. ஒரு வேளைக்கு எத்தனை மில்லிலீட்டர்? விடையை மாரிசாமியிடம் கொடுத்தனுப்பு. வழியோடு எழுது. விடை மட்டும் எழுதினால் புள்ளி இல்லை.

பாப்பாவின் படத்தைத் தம்பி காட்டினான். காது நம் அப்பாவுடையது.

பிரஷாந்தினி


மடுல்சீமை
2024 ஏப்ரல் 2

அன்புள்ள மதினிக்கு,

ஆறே கால் மில்லிலீட்டர். வழியோடு அன்றே எழுதி வைத்திருந்தேன். அனுப்புமுன் பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. இங்குள்ள ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டார்கள். இவர் வந்து கூட இருந்ததால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டோம். பால் குடிக்கிறாள். பயப்பட ஒன்றுமில்லை என்று டொக்டர் சொன்னார்.

ஆஸ்பத்திரி வாட்டில் நேர்ஸ் அவளுக்கு மருந்து அளந்து கொடுத்தபோது அளவு சரியா என்று மனசுக்குள் போட்டுப் பார்த்தேன். நீங்கள் அனுப்பிய அதே கணக்குதான். பத்துக் கிலோவுக்குப் பதிலாக நான்கு கிலோ. வரவில்லை மதினி. திரும்பத் திரும்பப் போட்டேன். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு விடை வந்தது. சொந்தப் பிள்ளைக்குக் கணக்குப் போட முடியாதவள் ஊர்ப் பிள்ளைகளுக்கு என்ன மருந்து கொடுக்கப் போகிறேன்?

அம்மா, "புள்ளைக்காம்பராவுல கொண்டுபோய்ப் போட்டுட்டுப் படிச்சல்ல, அங்க ஒட்டினதுதான்" என்றாள். பிறகு அவளே அழுதாள். நான் அழவில்லை. எனக்குத் தூக்கம்தான் வந்தது. நின்றபடியே தூங்குகிறேன்.

இந்த வருசம் எழுதவில்லை. நீங்கள் அன்று கேட்டது சரிதான். புத்தகங்களை மாரிசாமி அண்ணனிடம் திருப்பி அனுப்பட்டுமா?

விதுஷா


பதுளை
2024 ஏப்ரல் 9

விதுஷாவுக்கு,

புத்தகங்களை அனுப்பாதே. ஞாயிற்றுக்கிழமை நான் வந்திருந்தபோது நீ பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருந்தாய். அப்போது நடந்ததை எழுதுகிறேன்.

உன் அம்மா பாப்பாவை என் மடியில் போட்டுவிட்டுத் தேநீர் வைக்கப் போனார். நான் கைக்குழந்தையைத் தூக்கிப் பழகாதவள். விழுந்துவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் என் ஆட்காட்டி விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனாள். விரலை உருவ மனம் வரவில்லை. அதனால்தான் மதிய பஸ் போனது. நான் உன்னிடம் பஸ் வரவில்லை என்று சொன்னது பொய்.

உன் அம்மா வாசல் இஸ்தோப்பில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "எம்மகளுக்குப் படிப்ப விட மனசில்ல. எனக்கு அவ ஒடம்ப விட மனசில்ல. நீங்க படிச்சவங்க, நீங்களே ஒரு வழி சொல்லுங்க" என்றார்.

"நானும் பாஸ் பண்ணலைங்க" என்றேன்.

என்னை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். நீ எழும்பிவிடுவாய் என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப ரெண்டு பேரும் ஒன்னா போய் எழுதுங்க. புள்ளைய நான் தூக்கிக்கிட்டு வாறேன். நானும் கொழும்பப் பாத்ததில்ல" என்றார்.

நேற்று விண்ணப்பம் போட்டுவிட்டேன். தம்பிக்கு இன்னும் சொல்லவில்லை. ஜெமீலா வீட்டில் தங்கலாம் என்று ஸலீம் நானா சொல்லிவிட்டார். பரீட்சை நாட்களில் கடையை அவரும் தம்பியும் பார்ப்பார்கள்.

கணக்கைப் பற்றி. ஸலீம் நானாவுக்கு இத்தனை வருச அனுபவம். ஜெமீலா சின்னவளாக இருந்தபோது அவளுக்கு மருந்து என்றால் தானே அளந்துவிட்டு என்னிடம் நீட்டுவார். "நீ பாரும்மா, எங்கண்ணுக்கு அது புள்ளையாத் தெரியுது, கிலோவாத் தெரியல" என்பார். அப்போது நான் கடையில் நிற்கத் தொடங்கிய புதிது. சொந்தப் பிள்ளைக்கு இன்னொருவரைப் பார்க்கச் சொல்வதுதான் முறை. உனக்குக் கணக்கு வராமல் போகவில்லை.

சித்திரைப் புத்தாண்டு முடிந்ததும் பதுளைக்கு வந்துவிடு. காலையில் கடை எனக்கு, தூக்கம் உனக்கு. பிற்பகலில் இருவரும் மாடியில் படிப்போம். அப்போது பாப்பா தம்பியிடம். அவனுக்குத் தெரியாது என்றால் பழகட்டும். இந்த அட்டவணையில் முதலில் உன் தூக்கத்தைப் போட்டேன். மிச்சத்தை அதைச் சுற்றிப் போட்டிருக்கிறேன்.

பிரஷாந்தினி


பதுளை
2024 நவம்பர் 6

விதுஷாவுக்கு,

தீபாவளிக்கு என்று பாப்பாவைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனவள் இன்னும் திரும்பவில்லை. நான் கேட்டால் தம்பி, "கொஞ்ச நாள் இருக்கட்டும்க்கா" என்று மருந்துப் பெட்டிகளை எண்ணத் தொடங்குகிறான். அவன் எதையாவது எண்ணினால் மறைக்கிறான் என்று அர்த்தம்.

பரீட்சையால் உனக்குக் கோபம் என்று நான் நினைக்கவில்லை. எனக்கு எல்லாப் பகுதியிலும் பாஸ், உனக்குச் செய்முறையை மட்டும் திரும்ப எழுத வேண்டும் என்று பெறுபேறு வந்த அன்று நான் சந்தோசப்படவே பயந்தேன். நீதான் எனக்குப் பாயாசம் காய்ச்சினாய். ஹுமைத் வந்துபோன பிறகுதான் உன் முகம் மாறியது.

அவர் ஸலீம் நானாவின் தங்கை மகன். லுணுகலையில் அவருடைய பாமசி மருந்தாளர் இல்லாமல் மூடிக் கிடக்கிறது. "அக்கா, நீங்க வந்தா நாளைக்கே திறக்கலாம். மருந்து விசயத்துல நீங்க சொல்றதுதான், நான் குறுக்க வரமாட்டேன்" என்றார். நான் யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். மாட்டேன் என்று சொல்லவில்லை. நீ திரைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாய். பாப்பாவின் கொலுசுச் சத்தம் கேட்டது.

என்ன நினைக்கிறாய் என்று எழுது. மேட்டுக் கோயிலுக்கு ஏறிப் போனில் பேச வேண்டாம். நீ அழுவாய், நான் வைத்துவிடுவேன்.

பிரஷாந்தினி


மடுல்சீமை
2024 நவம்பர் 12

அன்புள்ள மதினிக்கு,

நான் உங்களை எழுதச் சொன்னது கடையைக் காப்பாற்ற. உங்களை லுணுகலைக்கு அனுப்ப இல்லை. அம்மா அந்த மண்டபத்துக்கு வெளியே, கொழும்பு வெயிலில், மரத்தடியில் பாப்பாவை வைத்துக்கொண்டு இருந்தாளே, அது எதற்கு? கடலைக்கூடப் பார்க்காமல் திரும்பி வந்தாள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். செய்முறையில் களிம்பு கலக்கும்போது எனக்குப் பால் கட்டி நெஞ்சு தெறித்தது. தராசின் முள் இரண்டாகத் தெரிந்தது. பக்கத்து மேசையில் நீங்கள் தலை நிமிராமல் கலக்கிக்கொண்டிருந்தீர்கள். வாய்மொழி முடிந்து வெளியே வந்தபோது சிரித்தீர்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து உங்கள் பல்வரிசையை நான் முழுதாகப் பார்த்தது அன்றுதான். சந்தோசமாகவும் இருந்தது, பொறாமையாகவும் இருந்தது. பாயாசத்தில் இரண்டையும் போட்டுத்தான் காய்ச்சினேன்.

நீங்கள் போய்விட்டால் ஸலீம் நானாவும் இல்லை, நீங்களும் இல்லை. என் செய்முறைக்கு முன்னால் கடை மூடிவிடும். போன் கடைக்காரர் திரும்ப வருவார். இதையெல்லாம் இவரிடம் கத்திச் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்பா செத்ததிலேருந்து அக்கா அந்தக் கவுண்டருக்குப் பின்னாலதான் நிக்கிறா. ஒனக்கு எங்கயாவது போகணுமான்னு நான் ஒரு நாள்கூட அவகிட்ட கேட்டதில்ல விது" என்றார். அவர் கண் கலங்கி நான் பார்த்ததில்லை. மடுல்சீமைக் காற்று என்று சொல்லித் துடைத்துக்கொண்டார்.

நானும் கேட்டதில்லை. அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்த அளவுக்கு நான் நல்லவள் இல்லை.

விதுஷா


பதுளை
2024 நவம்பர் 18

விதுஷாவுக்கு,

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படிக்க முடியவில்லை. மாடிக்குப் போய்ப் படித்தேன்.

பாஸ் வந்த அன்று எனக்கு முதலில் வந்த நினைப்பு கடையைப் பற்றியது இல்லை. இந்தத் தாளில் அப்பாவின் பெயரும் இல்லை, தம்பியின் பெயரும் இல்லை, என் பெயர் மட்டும்தான் இருக்கிறது என்பதுதான். அந்த நினைப்பு எனக்கே வெட்கமாக இருந்தது. அதனால் ஒருவரிடமும் சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன்.

லுணுகலை பெரிய ஊர் இல்லை. இங்கிருந்து பஸ்ஸில் போய் வரக்கூடிய இடம். ஆனால் அங்கே நான் யாருக்கும் அக்கா இல்லை, அத்தை இல்லை. ஒரு தொழில் தெரிந்த ஆளாகப் போய் இறங்கினால் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்படுகிறேன். நாற்பதுக்குப் பக்கத்தில் வந்த ஆசை. வந்துவிட்டது.

என் முடிவு இது. ஹுமைத்திடம் பொறுக்கச் சொல்லிவிட்டேன். நீ செய்முறை எழுதி, பெறுபேறு வரும்வரை என் பெயர் ஜெயராசா பாமசியில் இருக்கும். ஒரு நாள்கூடக் கடை மூடாது. அதற்குப் பிறகு நான் போவேன். அப்போது என்னை இருக்கச் சொல்லிக் கேட்காதே. நீ கேட்டால் நான் இருந்துவிடுவேன். அதனால்தான் கேட்காதே என்கிறேன்.

ஸலீம் நானா கொழும்புக்குப் போகுமுன் உனக்குக் களிம்பும் கலவையும் திரும்பக் காட்டித் தருவதாகச் சொல்கிறார். அடுத்த பரீட்சைக்குள் பாப்பா சோறு தின்பாள். பால் கட்டுகிற பயம் இல்லை. சீக்கிரம் வா. வரும்போது உன் அம்மாவையும் கூட்டி வா. கடல் பார்க்க ஒரு நாள் அழைத்துப் போகும்படி தம்பியிடம் சொல்லியிருக்கிறேன்.

பிரஷாந்தினி


பதுளை
2025 ஓகஸ்ட் 10

அன்புள்ள மதினிக்கு,

நீங்கள் லுணுகலைக்குப் போய் ஒரு கிழமை ஆகிறது. தினமும் போனில் பேசுகிறோம், ஆனால் "அந்த இன்சுலின் வந்ததா, இந்த பில் எங்கே" என்பதோடு முடிந்துவிடுகிறது. அதனால் எழுதுகிறேன்.

என் சான்றிதழை இவர் சட்டம் போட்டு மாட்டினார். ஆணி அடிக்கும்போது சுவரில் பெரிய ஓட்டையாகிவிட்டது. அதை மறைக்கக் கொஞ்சம் தள்ளி மாட்டியதில் இப்போது கோணலாகத் தொங்குகிறது. வாடிக்கையாளர் முன்னால் என்னை "மேடம்" என்று கூப்பிட்டுக் கேலி பண்ணுகிறார். ஆனால் நான் ஒரு மருந்துத் துண்டைப் பார்த்து, "டொக்டர்கிட்ட ஒருக்கா கேட்டுட்டு குடுப்போம்" என்றால் மறுபேச்சில்லாமல் போனை எடுத்து நீட்டுகிறார்.

பாப்பா காலையில் எழும்பியதும் மாடிப்படியில் நின்று "அத்த, அத்த" என்கிறாள். உங்கள் அறைக் கதவைத் திறந்து காட்டினால் உள்ளே போய்க் கட்டிலுக்கு அடியில் தேடுகிறாள். முதல் நாள் நான் அழுதேன். இப்போது இருவருமாகத் தேடிவிட்டுக் கீழே வருகிறோம்.

நான் கேட்கவில்லை, பார்த்தீர்களா? பஸ் கிளம்பும்வரை வாயைத் திறக்காமல் நின்றேன். திறந்திருந்தால் கேட்டிருப்பேன்.

விதுஷா


லுணுகலை
2025 ஓகஸ்ட் 19

அன்புள்ள விதுஷாவுக்கு,

நீ வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். யன்னல் பக்கம் திரும்பினால் இறங்கிவிடுவேன் என்று பசறை தாண்டும்வரை நேராகவே பார்த்துக்கொண்டு வந்தேன்.

இங்கே ஒரு ஆசிரியர் வீட்டில் அறை கிடைத்திருக்கிறது. கடை பேக்கரிக்கும் தையல் கடைக்கும் நடுவில். காலையில் பாண் வாசம், பிற்பகலில் மெஷின் சத்தம். முதல் சில நாள் ஈயாடியது. ஹுமைத் வாசலில் நின்று வானத்தைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை தோட்டங்களிலிருந்து சாமான் வாங்க ஆட்கள் இறங்கியதும் நிற்க இடமில்லை.

அந்தக் கூட்டம் கலைகிற நேரத்தில் ஒரு பெண் வந்தாள். உன் அம்மா வயது இருக்கும். கையில் டொக்டர் எழுதிய துண்டு ஒன்றை மடித்து வைத்திருந்தாள். எல்லோரும் போகட்டும் என்று ஓரமாக ஒதுங்கி நின்றாள். பிறகு கிட்ட வந்து, "மருந்து குடுக்கிற ஐயா உள்ள இருக்காங்களா?" என்று கேட்டாள்.

எனக்குத் தலை தானாகப் பின்னால் திரும்பியது. இத்தனை வருசமும் அப்படிக் கேட்டால் ஸலீம் நானாவின் நாற்காலியைத்தானே காட்டியிருக்கிறேன். இங்கே பின்னால் ஒரு தண்ணீர்ப் போத்தலும் சுவரும்தான் இருந்தன.

"உள்ள யாரும் இல்லைங்க. மருந்தாளர் நான்தான். சொல்லுங்க" என்றேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு அவள் முகம் இளகியது. "பொம்பளையா? நல்லதாப் போச்சு தாயி" என்றாள். துண்டை மடியில் சொருகிக்கொண்டு, கவுண்டர்மேல் சாய்ந்து, இத்தனை காலமும் எந்த ஐயாவிடமும் கேட்காத ஒன்றை என் காதில் கேட்டாள். கேட்டு முடித்ததும் அவள் தோள் இறங்கியதைப் பார்த்தேன். என்ன செய்யலாம் என்று சொன்னேன். எந்த டொக்டரிடம் போக வேண்டும் என்பதையும் சொன்னேன். அவர் பெண் டொக்டர்தான் என்றதும் சிரித்தாள்.

அவள் என்ன கேட்டாள் என்று உனக்கு அரிக்கும். உன்னிடமும் சொல்ல மாட்டேன். நீயும் மருந்தாளர், ஏன் என்று உனக்கே தெரியும்.

பாப்பாவுக்கு என் முத்தம்.

பிரஷாந்தினி